மூலமாக மாறும் உரை: டோட்டா நிலப்படமும் ஆடுவோர் கருத்துகளும்

ஒரு நூலுக்கு மூலம் என்றும் உரை என்றும் இரு கூறுகள் உண்டு. மூலம் ஆசிரியன் யாத்தது. உரை பின்வந்தோன் விளக்கியது. உரையாசிரியர் மூலத்தைப் போற்றலாம். சிற்சில இடங்களில் மறுக்கலாம். ஏடுகளிற் கண்ட பாடங்களுள் ஒன்றைக் கொண்டு ஏனையவற்றை விலக்கலாம். ஆயினும் தம் கருத்தை மூலத்தினுள் எழுதிச் சேர்க்கும் உரிமை அவர்க்கு இல்லை. எவரேனும் அங்ஙனம் சேர்த்திருப்பின், அதனை இடைச்செருகல் என்று பெயரிட்டு நீக்க முயல்கிறோம். இவ்வரம்பு எல்லா வகை ஆக்கங்களுக்கும் பொது என்றே யான் நெடுங்காலம் எண்ணியிருந்தேன்.

அவ்வெண்ணம் 2016ஆம் ஆண்டில் ஒரு வகுப்பறையில் சற்றே அசைந்தது. முதுகலை மாணவர்க்குப் பாட வேறுபாடு பற்றிய பாடம். மணக்குடவர் கொண்ட குறள் வைப்புமுறையும் பரிமேலழகர் கொண்ட வைப்புமுறையும் சில அதிகாரங்களில் வேறுபடுதலை எடுத்துக்காட்டிக் கொண்டிருந்தேன். பின்வரிசையில் இருந்த மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, நாங்கள் பள்ளியில் படித்தபோது ஆடிய ஒரு மேப்பும் இப்படித்தான் பதிப்புக்குப் பதிப்பு மாறும். ஆனால் அங்கே மாற்றச் சொன்னவர்கள் ஆடியவர்களே" என்றார். வகுப்பு சிரித்தது; யானும் சிரித்தேன். பின்னர் அம்மாணவர் விளக்கியவற்றையும், அதன்பின் யானே தேடிக் கற்றவற்றையும் எண்ணிப் பார்க்குங்கால், அன்று சிரித்தது தவறு என்றே படுகிறது. அவர் கூறியது ஓர் உண்மையான திறனாய்வுச் சிக்கல். அதுவே இக்கட்டுரையின் பொருள்.

வார்கிராப்ட் 3 என்னும் போர் உத்தி விளையாட்டை அமெரிக்க நாட்டுப் பிளிசார்டு நிறுவனம் 2002இல் வெளியிட்டது. பொன்னும் மரமும் ஈட்டி, பாசறை எழுப்பி, படை திரட்டி, பகைவன் ஊரை அழித்தல் அதன் போக்கு. அவ்விளையாட்டோடு நிலப்படம் வரையும் கருவி ஒன்றும் சேர்த்தே தரப்பட்டது. அதனைக் கொண்டு எவரும் ஆறும் மேடும் காடும் தம் விருப்பம் போல் அமைக்கலாம். அந்நிலத்தில் இயங்கும் உயிர்களின் ஆற்றலையும், வெற்றி தோல்விக்குரிய விதியையுங்கூட மாற்றலாம். ஆதலின் ஆடுவோர் 'மேப்' என்று வழங்குவது நிலத்தின் வரைவு மட்டும் அன்று. தனக்கென இலக்கணம் உடைய ஒரு தனி ஆட்டமே அதனுள் அடங்கும்.

அவ்வாறு ஆடுவோர் தாமே வரைந்த எண்ணிறந்த படங்களுள் ஒன்று, யூல் என்னும் புனைபெயரினர் 2003இல் வெளியிட்ட 'டிபென்ஸ் ஆப் தி ஏன்சியன்ட்ஸ்'. அதன் முதலெழுத்துகளால் அமைந்த சுருக்கமே டோட்டா. இதுவும் முற்றிலும் புதியது அன்று. 1998இல் வெளிவந்த ஸ்டார்கிராப்ட் என்னும் விளையாட்டுக்கு வேறொருவர் வரைந்த 'ஏயான் ஆப் ஸ்ட்ரைப்' என்னும் படம் இதற்கு முன்னோடி. வழிநூல் என்று கொள்ளலாம்.

படத்தின் அமைப்பைச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். கருத்துகள் யாவும் அதன்மேல் எழுந்தவை. சதுரமான நிலம். தென்மேற்கு மூலையில் சென்டினல் என்னும் அணி. வடகிழக்கு மூலையில் ஸ்கர்ஜ் என்னும் அணி. இரு மூலைகளையும் மூன்று வழிகள் இணைக்கின்றன; ஒன்று நடுவே நேராகச் செல்ல, ஏனைய இரண்டும் ஓரங்களை ஒட்டி வளைகின்றன. வழிதோறும் காவற்கோபுரங்கள். வடமேற்கிலிருந்து தென்கிழக்கு நோக்கி ஓர் ஆறு நிலத்தை இரண்டாகப் பிளக்கிறது. வழிகளுக்கு இடையே அடர்ந்த காடு. அதில் எவ்வணியையும் சாராத விலங்குகள். ஓர் அணிக்கு ஐவர். ஒவ்வொருவரும் 'ஹீரோ' எனப்படும் தலைவன் ஒருவனை மட்டுமே இயக்குவர். அரை நிமிடத்துக்கு ஒருமுறை இரு பக்கத்துப் படைஞரும் தாமாகவே புறப்பட்டு வழிகளில் மோதுகின்றனர். பகைப் படைஞனை இறுதியாக அடித்து வீழ்த்துவோனுக்கே பொன் கிடைக்கும். பகைவரின் தலைமைக் கட்டடம் வீழ்ந்தால் ஆட்டம் முடிந்தது.

ஊரமைத்தலும் படை திரட்டலும் நீங்கிவிட்டமையால், நிலமே இங்கு முதன்மை பெறுகிறது. மேட்டில் நிற்போனைக் கீழிருந்து எய்தால் அடிகளுள் ஒரு பகுதி தவறும். மரங்களுக்கிடையே புகுந்தால் துரத்துவோன் கண்ணுக்குத் தப்பலாம். பகலும் இரவும் மாறி மாறி வரும். இரவில் பார்வை குறுகும். பாலனார் என்னும் தலைவனுக்கோ இரவில்தான் வலிமை மிகும். நிலமும் பொழுதும் முதற்பொருள் என்று பயின்ற நமக்கு இவ்வமைப்பு அயலாகத் தோன்றாது. ஆயின் ஒப்புமை காட்டுதல் வேறு, உறவு காட்டுதல் வேறு. பொன்னிழந்து காட்டுக்குள் மறைந்து திரியும் தலைவனைப் பாலைத்திணையில் அடக்கி, அதன்மேல் ஓர் ஆய்வேடு எழுத எவரேனும் முற்படின், அதற்கு யான் நெறியாளனாக இரேன்.

இனிப் பதிப்புகளின் வரலாறு. யூல் விலகிய பின்னர்ப் பலர் பலவாறு படத்தை விரித்தனர். அவற்றுட் சிறந்த தலைவர்களைத் தொகுத்து 'டோட்டா ஆல்ஸ்டார்ஸ்' என்னும் படம் 2004இல் உருவாயிற்று. அதனைக் கின்சூ என்னும் பெயரினர் அவ்வாண்டில் ஏற்று வளர்த்தார்; 2005 முதல் ஐஸ்பிராக் என்பார் பொறுப்பேற்றார். 'பனித்தவளை' என்று பொருள்படும் இப்பெயருக்கு உரியவர் தம் இயற்பெயரைப் பொதுவில் வெளியிட்டதில்லை. தம் பாடலில் வந்த ஒரு தொடராலேயே பெயர் பெற்ற சங்கப் புலவர் சிலரை நாம் அறிவோம். செம்புலப்பெயனீரார் அவருள் ஒருவர். அவர்க்கும் இயற்பெயர் இன்று நமக்கு இல்லை. ஐஸ்பிராக் காலத்துப் பதிப்புகள் 6.48பி, 6.59டி என எண்ணும் எழுத்தும் சேர்ந்து வழங்கின. எண் மாறினால் பெருமாற்றம். எழுத்து மாறினால் பிழைதிருத்தம்.

படம் பரவிய முறை ஏடு பரவிய முறையை ஒத்தது. ஆட்டம் தொடங்குவோன் தன் கணினியில் உள்ள படத்தை வைத்து அழைப்பான். அப்பதிப்பு இல்லாதவன் உள்ளே வந்தால், அழைத்தவன் கணினியிலிருந்தே படி எடுக்கப்படும். ஏனையோர் அதுவரை காத்திருத்தல் வேண்டும். பொறுமையற்றோர் அவனை வெளியேற்றி விடுவதும் உண்டு. எனவே புதிய பதிப்பை முன்னரே பெற்று வைத்திருத்தல் ஒரு மதிப்பாயிற்று. வேறொருவர் திறந்து திருத்தாதபடி படத்துக்குப் பூட்டும் இடப்பட்டது. பூட்டை உடைத்துத் தமக்கு மட்டும் நலன் தரும் விதிகளைச் செருகிப் பழைய பெயராலேயே உலவவிட்டவர்களும் இருந்தனர். இடைச்செருகலை இன்னதென்று இதனினும் தெளிவாகக் காட்டும் சான்றினை யான் கண்டதில்லை.

ஆடுவோர் கருத்துகளுள் பெரும்பகுதி வசையே. தோற்றவன் தன் துணைவனை ஏசுவான். இடையில் விலகியவனை எல்லாரும் ஏசுவர். அவற்றைக் கடந்து செல்வோம். எஞ்சிய கருத்துகளில் அடிக்கடி வரும் சொல் 'இம்பா' என்பது. சமநிலையற்றது என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லின் தலைப்பகுதி மட்டும் எஞ்சி நின்ற குறுக்கம் இது. ஒரு தலைவனோ கருவியோ அளவுக்கு மீறிய வலிமை உடையது என்று குறை கூறப் பயன்படும். நாளடைவில் வியப்புச் சொல்லாகவும் மாறி, நன்றாக ஆடியவனையும் இம்பா என்றே புகழலாயினர். இழிபொருட் சொல் உயர்பொருள் பெறுதலுக்கு இஃது எடுத்துக்காட்டு. வலிமையைக் குறைத்தலை 'நெர்ப்' என்பர். அது பஞ்சுபோன்ற பொருளால் செய்த விளையாட்டுக் கருவிகளின் வணிகப் பெயரிலிருந்து வந்தது. வாளைப் பஞ்சாக்குதல் என்பது கருத்து.

கருத்துகளுள் ஆழமானவை நிலத்தின் நடுவுநிலை பற்றியவை. டோட்டா நிலத்தின் இரு பாதிகளும் கண்ணாடிப் படிமம் போல் ஒத்தவை அல்ல. காட்டு விலங்குகள் இருக்கும் இடம் இரு பக்கத்தும் வேறு. வழிகளை நெருங்கும் பாதைகள் வேறு. மேலும், ஆட்டத்தைக் காட்டும் பார்வை தெற்கே உயரத்தில் நின்று வடக்கு நோக்கிச் சாய்ந்து பார்ப்பது போன்றது. திரையின் அடிப்பகுதியைக் கட்டளைப் பலகை மறைத்துக் கொள்ளும். ஆதலின் தென்மேற்கிலிருந்து முன்னேறுவோன் தன் எதிரே விரிந்த நிலத்தைக் காண்கிறான். வடகிழக்கிலிருந்து இறங்குவோனுக்கோ தான் செல்லும் திசையில் பார்வை குறைகிறது. இக்குறையைக் கண்டு சொன்னவர்கள் ஆடுவோரே.

இதற்கு எதிராக மற்றொரு கருத்தும் இருந்தது. ஆற்றங்கரையில் ஒரு குழி. அதனுள் ரோஷன் என்னும் பேருயிர். (அப்பெயர் பாரசீகத்தில் ஒளியைக் குறிப்பினும், கின்சூ தம் பந்துருட்டு விளையாட்டில் பயன்படுத்திய பந்துக்கு இட்டிருந்த பெயரே இவ்வுயிருக்கு வந்தது என்பர்.) அதனைக் கொன்ற அணிக்கு இறந்தபின் மீண்டெழும் வரம் கிடைக்கும். அக்குழியை அணுகுதல் வடகிழக்கு அணிக்கே எளிது என்பது நெடுநாளைய முறையீடு. ஆகவே ஒருபால் பார்வை நலம்; மறுபால் குழி நலம். இவ்விரண்டும் ஒன்றையொன்று ஈடு செய்கின்றன என்றனர் சிலர். ஈடு ஆகவில்லை, இரு பாதிகளையும் ஒன்றுபோல் ஆக்கிவிட வேண்டும் என்றனர் வேறு சிலர். பின்னாளில் வால்வ் நிறுவனம் இப்படத்தையே தனி விளையாட்டாக்கி, டோட்டா 2 என்னும் பெயரால் 2013இல் முறையாக வெளியிட்டது. அதில் பொது ஆட்டங்களின் வெற்றிக் கணக்கைத் தொகுத்தபோது, தென்மேற்கு அணி நெடுங்காலம் பாதிக்குச் சற்று மிகுதியாகவே வென்று வந்தமை தெரிந்தது. முறையீடு வெற்றுப் புலம்பல் அன்று என்பதற்கு இது சான்று.

இங்கே கருதத்தக்கது யாதெனின், பதிப்பாசிரியர் இரு பாதிகளையும் ஒன்றாக்கவில்லை. 2016 டிசம்பரில் வந்த 7.00ஆம் பதிப்பில் ரோஷன் குழி ஆற்றின் மற்றொரு பகுதிக்கு இடம்பெயர்ந்தது, காடும் திருத்தப்பட்டது, வேற்றுமையோ நின்றது. ஒத்திருத்தல் வேறு, நடுவுநிலை வேறு என்னும் தெளிவு இதில் உண்டு. இரு தட்டுகளிலும் ஒரே பொருளை வைத்தால்தான் துலாக்கோல் நேர்நிற்கும் என்பது இல்லை. முற்றும் ஒன்றாக்கிவிட்டால், எப்பக்கம் நின்றாலும் ஒரே ஆட்டமே ஆடப்படும். நிலம் தன் பயனை இழக்கும். ஒன்றாக்க வேண்டும் என்றவர்களின் நியாய உணர்வை மதிக்கிறேன். ஆயினும் என் துணிபு மற்றவர் பக்கமே.

அடுத்து நோக்கத்தக்கது, படைத்தோர் எண்ணாதவை ஆட்டத்தின் கூறாக நிலைபெற்ற விதம். நலிந்து சாகும் நிலையில் உள்ள தன் படைஞனைத் தானே கொன்றுவிட்டால் பகைவனுக்குப் பொன் கிட்டாது. இதனை 'டினை' என்பர். தன் வீரனைத் தானே கொல்லுதல் போரறம் அன்று என்று புதியவர்கள் வெறுத்தனர். பயின்றவர்களோ ஆட்டத்தின் நுட்பமே இதில்தான் என்றனர். காட்டு விலங்குகளைச் சீண்டி வழிக்கு இழுத்துவந்து தன் படைஞரோடு மோதவிடுதலும், அவை தம் இடத்தினின்று நீங்கியிருக்கும் நொடியில் அங்கே புதிய விலங்குகள் தோன்றுமாறு செய்து கூட்டத்தை இரட்டித்தலும் இத்தகையனவே. இவை நிரலின் இயல்பால் நேர்ந்த தற்செயல்கள். 'பிழை, நீக்குக' என்றும், 'திறம், காக்க' என்றும் கருத்துகள் மோதின. காக்க என்றவர் வென்றனர். இன்று அவை விதிகளாகவே கற்பிக்கப்படுகின்றன. வழக்கே இலக்கணத்தை ஆக்குகிறது என்று நாம் நாளும் கூறுவதைப் பத்தாண்டு எல்லைக்குள் கண்முன் காண்பது அரிது, இங்கே காணலாம்.

எல்லாத் தற்செயலும் காக்கப்பட்டதும் இல்லை. 2013 ஆகஸ்டில் சியாட்டில் நகரில் நடந்த மூன்றாம் உலகப் போட்டியில் நாவி என்னும் அணிக்கும் டாங்பூ என்னும் அணிக்கும் நடந்த ஆட்டம் இதற்குச் சான்று. பட்ஜ் என்னும் தலைவன் சங்கிலிக் கொக்கியை வீசிப் பகைவனைத் தன்னிடம் இழுக்க வல்லவன். சென் என்னும் தலைவன் அப்போது தன் துணைவரை ஊருக்குத் திருப்பி அனுப்ப வல்லவனாக இருந்தான். கொக்கி பறந்து கொண்டிருக்கும் நொடியில் பட்ஜை ஊருக்கு அனுப்பிவிட்டால், கொக்கியிற் சிக்கியவன் நிலம் முழுவதும் கடந்து பகைவர் ஊரின் நீரூற்றருகே வந்து விழுவான். அங்கு நிற்கும் அயலானை ஊற்றே கொன்றுவிடும். நாவி அணியினர் இதனைத் திரும்பத் திரும்பச் செய்து, தோல்வி நிலையிலிருந்து மீண்டு வென்றனர்.

கருத்துலகம் இரண்டாகப் பிளந்தது. அரைநொடி பிழைத்தாலும் கைகூடாத இச்செயல் திறத்தின் உச்சம் என்றனர் ஒரு சாரார். முன்னரே யாவரும் அறிந்த உத்தியே, எதிரணியினர் எதிர்பார்த்திருக்க வேண்டும் என்பது அவர் வாதம். நிலத்தின் தொலைவு என்பதையே பொய்யாக்கும் உத்தி நிலத்தின்மேல் நடக்கும் ஆட்டத்துக்கு முரண் என்றனர் மற்றொரு சாரார். அவ்வாண்டு அக்டோபரில் வந்த 6.79ஆம் பதிப்பில், கொக்கி வீசப்பட்ட இடத்துக்கே பகைவன் இழுக்கப்படுவான் என்று விதி மாறியது. இரண்டாம் சாராரின் வாதம் ஒரே விதியாகச் சுருங்கி மூலத்துள் புகுந்தது. அவ்விதியை இன்று காணும் புதியவனுக்கு அதன் பின்னணியில் ஒரு பெரும் வழக்காடல் நடந்தது என்பது தெரியாது.

பிறர் கருத்து புகுந்து புகுந்து ஆகிய இந்த ஆக்கம் யாருக்கு உரியது? படத்தில் யூலின் செங்கோல் என்றும், கின்சூவின் அரிவாள் என்றும் கருவிகள் உண்டு. பதிப்பித்தோர் பெயரைப் பின்வந்தோர் போற்றி வைத்த முத்திரைகள் அவை. கின்சூ பின்னர் ரயட் நிறுவனத்திற் சேர்ந்து, 2009இல் வெளிவந்த 'லீக் ஆப் லெஜண்ட்ஸ்' என்னும் விளையாட்டில் பணியாற்றினார். டோட்டா 2இல் யூலின் பெயர் செங்கோலோடு நிற்க, அரிவாளில் கின்சூவின் பெயர் இல்லை. அவர் பெயர் தாங்கிய கருவியை அவ்வெதிர் விளையாட்டிற் காணலாம். கருத்துரைத்தோர்க்கோ எங்கும் பெயர் இல்லை.

டோட்டா என்னும் பெயருக்காக வால்வ் நிறுவனமும் பிளிசார்டு நிறுவனமும் வழக்காடி 2012இல் உடன்பாடு கண்டன. பின்னர் அவ்விரண்டுமே ஒன்றுகூடிக் கைப்பேசி விளையாட்டு வெளியிட்ட வேறு நிறுவனங்கள்மேல் வழக்குத் தொடுத்தன. பலர் கை பட்ட படத்துக்கு நீங்கள் எவ்வாறு உரிமையாளர் என்பது எதிர்வாதம். எவரும் தம் இசைவின்றியே பதிப்பு வெளியிடலாம், தம் பெயரைக் குறித்தாற் போதும் என்று யூல் 2004இல் எழுதிய அறிவிப்பு அங்கே சான்றாக வைக்கப்பட்டது. 2017 மே மாதத்தில் நீதிபதி சார்ல்ஸ் பிரையர், இதனை விசாரணையின்றி முடிவு செய்ய இயலாது என்று கண்டு, எதிர்வாதிகளின் வேண்டுகோளை மறுத்தார். 2020 சனவரியில் வார்கிராப்ட் 3 புதுக்கி வெளியிடப்பட்டபோது, இனி அதில் எவர் வரையும் படமும் நிறுவனத்துக்கே உரியது என்று பிளிசார்டு விதி செய்துகொண்டது. வணிக நோக்கில் அது முன்னெச்சரிக்கையாகலாம். ஆனால் வரைவோனுக்குத் தன் படத்தில் உரிமையில்லை எனின், பல்லாண்டு உழைத்துப் பிறர் கருத்துக்குச் செவிசாய்க்கும் பதிப்பாசிரியர் இனி அங்கே தோன்றுவது ஐயமே.

இவ்வழக்கினும் எனக்குக் கவலை தருவது மற்றொன்று. ஆடுவோர் தம் கருத்துகளைப் பல்லாண்டுகள் எழுதி வைத்த முதன்மையான இணையதளம் 2010இல் மூடப்பட்டது. மூலம் உளது, பதிப்புகள் உள, ஒவ்வொரு மாற்றத்துக்கும் காரணமாகிய உரைகளுள் மிகப் பல இறந்துபட்டன. நம் நூல்களிற் பெயர் மட்டும் எஞ்சிய உரைகளை எண்ணி வருந்தும் நாம் இந்நிலையை உணரக் கடமைப்பட்டவர்கள்.

அன்று வகுப்பில் எழுந்து பேசிய மாணவர் பழைய வன்தட்டு ஒன்றில் ஆறு பதிப்புகளைக் காத்து வைத்துள்ளார். ஒரு விடுமுறை நாளில் அவற்றை அடுத்தடுத்துத் திறந்து இருவரும் ஒப்பிட்டோம். இம்மரம் முன்பு இங்கில்லை, இவ்விடைவெளி முன்பு அகன்றிருந்தது, இதனைப் பற்றி நண்பர்கள் இன்னவாறு சண்டையிட்டனர் என்று அவர் நினைவிலிருந்தே கூறிக்கொண்டு வந்தார். யான் ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். நான்காம் பதிப்பு வரை வந்துள்ளோம்.